சோளத்துக்குப் பந்தி வைத்தவர்

எங்கள் ஊருக்கு முதன்முதலில் வந்த அன்று அவர் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. படவேட்டுப் பக்கத்து மலைப்பாதையில் ஏறி வந்து, முதல் வீட்டு வாசலில் மூட்டையை இறக்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இங்க யாருக்காச்சும் சீக்கு இருக்குதாம்மா?"

அது உங்கள் அத்தை வீடு. என் அக்காவை உங்களுக்காக அத்தை என்றே எழுதுகிறேன். முறத்தோடு வெளியே வந்த அத்தை, ஊசி போட வந்த ஆள் என்று நினைத்துவிட்டாள். செய்தி பரவி, ஊரில் பாதிப் பிள்ளைகள் புளியமரத்தில் ஏறிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் சந்தோஷமாக வந்து, வேட்டியைத் தூக்கி முட்டியைக் காட்டினார்.

"மனுசருக்கு இல்லீங்க. சோளத்துக்கு. உங்க கொல்லையில சோளத்துக்குச் சீக்கு இருக்குதா?"

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சோளத்துக்கு வைத்தியம் பண்ண ஆள் அனுப்புறாங்க. எம் முட்டிக்கு ஆள் இல்ல."

"வைத்தியம் பண்ண வரலீங்க. சீக்கு குடுக்க வந்திருக்கேன்."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். அப்படித்தான் அவர் எங்களுக்கு அறிமுகமானார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் மலையில் யாரும் அதைச் சொன்னதில்லை. சோளத்து சார் என்றால்தான் தெரியும். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

நெட்டையான ஆள். கண்ணமங்கலத்துப் பக்கத்துக்காரர். கீழே சமவெளியில் ஒரு சோள ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. சட்டைப்பையில் கூராகச் சீவிய பென்சில். கழுத்தில் மஞ்சள் நூலில் கோத்த சின்னப் பூதக்கண்ணாடி. அதைப் பார்த்து அத்தை முதல் நாளே சொன்னாள், "பாரு, சோளத்த கட்டிக்கினாரு. தாலிய மட்டும் இவரே போட்டுக்கினாரு." அவர் காதில் அது விழுந்தது. கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஆமா தங்கச்சி, வூட்லயும் இதத்தான் சொல்றாங்க" என்றார்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. நீங்கள் யாரும் பிறக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம். எங்கள் சோளத்துக்கு அப்போது வெளுப்பு என்று ஒரு நோய் இருந்தது. பயிர் முழங்கால் உயரம் வரும்போது இலையில் வெளிர்கோடு விழும். அப்புறம் குருத்து முழுவதும் வெள்ளையாகும். அப்புறம் இலை நார் நாராகக் கிழிந்து காற்றில் ஆடும். அந்தப் பயிர் கதிர் விடாது. அதற்கு முந்தின வருஷம் என் கொல்லையில் பாதிக்குமேல் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. அது போனால் தை மாசத்துக்கு மேல் களிக்கு மாவு இல்லை.

இதற்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வெளுத்ததைக் கண்டால் உடனே பிடுங்கி மாட்டுக்குப் போடுவது. எங்கள் ஆட்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யார் கொல்லை என்றும் பார்க்க மாட்டார்கள். வரப்பில் நடந்து போகிறவர் வெளுத்த பயிரைப் பார்த்தால் கை தானாகப் போய்ப் பிடுங்கும். கொல்லைக்காரர் அதற்கு நன்றி சொல்வார். இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் வம்பாகப் போகிறது.

அவர் என் ஓடையோரத்துக் கொல்லையைப் பண்ணைக்காகக் குத்தகை கேட்டார். மூன்று பக்கம் மூங்கில், ஒரு பக்கம் ஓடை. மற்றவர் கொல்லைகளிலிருந்து தள்ளி இருந்தது.

"கீழ உங்க பண்ணையில இடம் இல்லியா சார்?" என்றேன்.

"இடம் இருக்குது தம்பி. பனி இல்ல. வெயில்ல இந்தச் சீக்கு ஏறாது. இங்க விடிகாலைல ஓடைமேல ஒரு மூட்டம் நிக்குது பாரு, அது எனக்குக் கீழ எங்க கிடைக்கும்?"

நாங்கள் திட்டிக்கொண்டே இருந்த பனியை ஒருவர் இப்படி ஆசையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆடியில் ஒரு பை விதை கொண்டு வந்தார். நான்கு வரிசைக்கு ஒரு வரிசை அதை விதைக்கச் சொன்னார். நடுவில் மூன்று வரிசை காலியாக விட வேண்டும்.

"இது இன்னா சோளம் சார்?"

"சீக்கு வாங்குறதுல இது ஃபர்ஸ்ட் மார்க்கு."

நான் விதையைக் கீழே வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அவர் வரப்பில் உட்கார்ந்தார். "குந்து தம்பி. உங்க ஊர்க் கல்யாணத்துல பந்தி போட்டா எப்டி?"

"வரிசையா குந்துவாங்க. கடைசி ஆளு சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்துக்கக் கூடாது."

"இங்கயும் அதேதான். இந்த வரிசை பரிமாறுற ஆளுங்க. இதுங்க மொதல்ல வெளுக்கணும். அப்புறம் நடுவுல புது விதைங்கள விதைப்பேன். அதுங்கதான் விருந்தாளி. பரிமாறுற ஆளுங்க விடிகாலைல எல்லாத்துக்கும் சீக்க ஊட்டும். ஒருத்தருக்கும் விட்டுப் போகக் கூடாது. சாப்ட்டு முடிச்சும் எவன் பச்சையா நிக்கிறானோ, அவன்தான் நமக்கு வேணும்."

பந்தி என்ற சொல் அன்றே ஊர் முழுக்கப் போய்விட்டது. எங்கள் ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த்தலைவர், அதைக் கேட்டுவிட்டுத் தடியோடு வந்தார்.

"பந்தி வெக்கிறீங்க சரி. எச்சில் எலை எங்க கொல்லைக்குப் பறந்து வந்தா?"

நானாக இருந்தால் வராது என்று சத்தியம் செய்திருப்பேன். சார் அப்படிச் செய்யவில்லை. "கொஞ்ச தூரம் காத்துல போவுங்க. அதனாலதான் மூங்கிலுக்குள்ள கேட்டேன். ஆனா இந்தச் சீக்கு நான் கொண்டாந்தது இல்ல. உங்க மண்ணுலயே இருக்குது. உங்க கொல்லையிலயும் இருக்குது."

"எங் கொல்லையிலயா? எங் கொல்லையில வெளுத்தது ஒண்ணு காட்டு."

கவுண்டருக்கு அது மானப் பிரச்சினை. ஊரில் வெளுப்பு இல்லாத ஒரே கொல்லை தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சார் தலையை மட்டும் ஆட்டினார். யாரும் எழுவதற்கு முன்பே கவுண்டர் கொல்லைக்குப் போய்ப் பிடுங்கிவிடுவார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

சாரிடம் எனக்கு ஒரு பயமும் இருந்தது. நல்ல பயிரை அவர் நின்று பார்க்கவே மாட்டார். பச்சைப் பசேல் என்று நிற்கும் கொல்லையைத் தாண்டிப் போய், மூலையில் ஒரு சோகைப் பயிரைக் கண்டால் மண்டி போட்டு உட்கார்ந்துவிடுவார். இலையைத் திருப்பி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, "வாடா, வாடா வந்துட்டியா" என்பார். இப்படிச் சீக்கின்மேல் ஆசை வைத்த மனுஷன் எப்படிப்பட்டவனோ என்று தோன்றும்.

அந்தப் பயம் ஒரே நாளில் போனது. உங்கள் மாமா, அத்தையின் புருஷன், காய்ச்சல் ஏறிப் பிதற்ற ஆரம்பித்தார். டோலி கட்டிக் கீழே தூக்கிப் போக வேண்டும். முன்கழியைத் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது சார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கழியைத் தோளில் எடுத்துவிட்டார். படவேடு வரை மாற்றுத் தோளே கேட்கவில்லை. வழியில் மாமா கண்ணைத் திறந்து, "சார், எனக்கும் பந்தி வெச்சிட்டீங்களா?" என்று கேட்டாராம். "மனுசங்களுக்குப் பந்தி கிடையாது. கம்முனு படு" என்றாராம் இவர்.

மாமா பிழைத்து வந்தார். அதிலிருந்து அத்தைக்கு சார் கூடப் பிறந்த அண்ணன் மாதிரி. இந்த மனுஷனுக்குக் கைம்மாறாக என்ன செய்வது என்று அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது இருபத்து மூன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆவணியில், பரிமாறுகிற வரிசைகள் வெளுத்து நிற்கும்போது, அவர் விருந்தாளி விதைகளை விதைத்தார். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நம்பர் தகடு. எல்லா விதையும் உறையில் வந்தது. இருபத்து மூன்று மட்டும் அவர் சட்டைப்பையில், மடித்த காகிதத்தில் வந்தது. அது அவரே உண்டாக்கிய ஒட்டுச் சோளம். தாய்ச் சோளத்தின் கதிரைக் காகித உறையால் மூடி, தகப்பன் சோளத்தின் மகரந்தத்தை எடுத்துவந்து அதன்மேல் தட்டி, மறுபடி மூடிக் கட்டி எடுத்த விதை.

"தாய்க்கு இவ்ளோ பெரிய கதிரு," என்று முழங்கையைக் காட்டினார். "ஆனா சீக்கு வந்தா மொத ஆளா படுத்துடும். தகப்பனுக்குக் கதிரு ஒரு விரல்தான். ஆனா சீக்குன்னா இன்னான்னே தெரியாது."

வரப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமா கேட்டார், "ரெண்டும் ஒரே வகையறாவா சார்? பங்காளின்னா எங்க வழக்கத்துல கட்ட மாட்டோம்."

சார் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். "அட. எனக்கு இத புரிஞ்சுக்க ஆறு மாசம் ஆச்சு. எங்க தாய்ச் சோளத்துக்கும் ஒரு பங்காளி இருக்குது. பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான். அதோட சேத்தா அதுல வர்ற பயிருக்குத் தானா மணி புடிக்காது. மாமன் மச்சான் முறையில கட்டினாத்தான் குடும்பம்." அதற்கப்புறம் பண்ணையிலிருந்து யார் வந்தாலும், "எங்க மலைக்காரங்க கிட்ட கேளுங்க" என்று மாமாவிடம் அனுப்பிவைப்பார்.

அந்தக் காகிதத்தில் இருந்தது ஒரே ஒரு வரிசைக்கான விதை. முளைத்தது முப்பத்தொன்று. ஒரு நாள் நான், "இருபத்து மூணு அழகா வந்துருக்குது சார்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"புகழாத தம்பி. இன்னும் சாப்பிடல. மழையே பெய்யாத ஊர்ல எல்லாக் கூரையும் நல்ல கூரைதான்."

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். மூன்று வருஷமாக ஒன்றும் தேறவில்லை. இந்தத் தடவையும் எதுவும் நிற்காவிட்டால் மலை வேலையை நிறுத்திவிடுவதாகப் பண்ணையின் பெரிய அதிகாரி சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அவரே எண்ணிப் பார்க்க வருகிறார். "பயிர் சின்னதா இருக்கறப்பதான் இந்தச் சீக்கு உள்ள போகும். இன்னும் பத்துப் பன்னெண்டு நாள். அதுக்குள்ள வயிறாரச் சாப்ட்டுடணும். அப்புறம் இலை முத்திடும். நின்னா நம்ம அதிர்ஷ்டம்."

மறுநாள் அவருக்குப் பண்ணையில் கூட்டம். கீழே இறங்கினார். மாமாவை ஆஸ்பத்திரியில் மறுபடி காட்ட வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். மூன்றாம் நாள் சேர்ந்தே ஏறி வந்தோம். வழியெல்லாம் அவர் நல்ல குஷியில் இருந்தார். பனி விழுந்த நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

ஓடைத் திருப்பத்தில் அத்தை நின்றிருந்தாள். கூட எட்டுப் பெண்கள். எல்லாரும் தலை வாரிப் பூ வைத்திருந்தார்கள். புகழ்ச்சிக்காகக் காத்திருக்கிற முகங்கள்.

"வாங்க ண்ணா. வந்து உங்க கொல்லைய பாருங்க."

பார்த்தோம். கொல்லை பச்சையாக இருந்தது. முழுப் பச்சை. ஒரு வெள்ளை இலை இல்லை.

"மூணு நாளா எல்லாரும் சேந்து எடுத்தோம் ண்ணா. கூலி இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க வூட்டுக்காரர தூக்கினு போனீங்களே, அதுக்கு. ஒண்ணு வுடல. அத்தினியும் வேரோட வந்துச்சு."

பரிமாறுகிற ஆட்கள் மொத்தமும் போய்விட்டார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் மாடுகள் கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டிருந்தன.

அவர் கொல்லைக்குள் இறங்கி ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தார். திரும்பி வந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டார். "மாடு எல்லாத்தையும் சாப்ட்டுடுச்சா தங்கச்சி?"

"வயிறு முட்ட ண்ணா."

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் அத்தையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தேன். "உனக்கு யாரு சொன்னா? அது சீக்கு இல்ல, அதுதான் வேலை. மூணு வருஷத்து வேலை..."

"கம்முனு இரு தம்பி," என்றார் அவர். குழியில் விரலை விட்டு மண்ணைப் பார்த்தார். "எவ்ளோ சுத்தமான வேலை, பாரு. ஒரு வேர் அறுந்து நிக்கல. பக்கத்துப் பயிர் ஒண்ணு ஆடல. எங்க பண்ணை ஆளுங்களுக்கு இப்டி வராது."

எங்கள் மலையில் அவர் வாயால் வந்த முதல் புகழ்ச்சி அதுதான். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "விருந்தாளிய குந்த வெச்சிட்டு, பரிமாறுற ஆளுங்கள புடிச்சு மாட்டுக்குப் போட்டுட்டாங்க தம்பி."

அத்தைக்கு விஷயம் புரிந்தபோது முகம் செத்துவிட்டது. இருபத்து மூன்றாம் வரிசைப் பக்கம் போய் நின்றாள். "அப்ப இதுக்குச் சோறு கிடையாதா ண்ணா?"

"இன்னும் ஏழெட்டு நாள் இருக்குது. ஆனா ஊட்டறதுக்கு ஆள் இல்லியே. இனிமே விதைச்சு, அது வெளுத்து... ஆகாது."

அத்தை குனிந்து காலியான குழிகளைப் பார்த்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "இன்னா ண்ணா, வெளுத்ததுதானே வேணும்? எங்க ஊர்ல இல்லாத வெளுப்பா?"

அவர் அவளையே பார்த்தார். எழுந்தார். உட்கார்ந்த இடத்தில் துண்டை விட்டுவிட்டே நடந்தார்.

நான் எத்தனையோ விழா பார்த்திருக்கிறேன். அன்று மத்தியானம் மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒன்பது பெண்கள் ஒன்பது திசையில் போனார்கள். ஊர் முழுக்க ஒரே கேள்வி. "உங்க கொல்லையில வெளுத்தது இருக்குதா? புடுங்காதீங்க. மண்ணோட பேத்து எடுத்துக் குடுங்க." அதுவரைக்கும் மறைத்து மறைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கூடையில் வைத்துத் தலையில் தூக்கி வந்தார்கள். வந்த இடத்தில் போட்டி வேறு.

"இது இன்னா வெளுப்பு? எங்குளுத பாரு, பால் மாதிரி."

"உங்குளுது காஞ்சு போச்சு. எங்குளுதுதான் எளசு."

முட்டி வலிக்காரப் பெரியவர்கூட ஒரு பயிரைப் பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். "முட்டிய பாக்காத ஆளுக்கு இத குடுக்கறேன். எழுதிக்கோங்க."

கடைசியாக, சூரியன் மூங்கிலுக்குப் பின்னால் இறங்கின பிறகு, கவுண்டர் வந்தார். கையில் துணி போட்டு மூடின கூடை. கீழே வைத்துவிட்டு ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை துணியைத் தூக்கினாள். பதினொன்று இருந்தது. எல்லாம் நல்ல வெள்ளை.

"எங் கொல்லையில இல்ல," என்றார் கவுண்டர். "வழியில கெடந்துச்சு."

"வழியில இப்டி வரிசையா நட்டு வெச்சிருந்தாங்களா மாமா?" என்று அத்தை கேட்டாள். கவுண்டரே சிரித்துவிட்டார். சார் அந்தப் பதினொன்றையும் கையால் தொட்டு, "இதுங்கள இருபத்து மூணுக்குப் பக்கத்துல நடுங்க. பெரிய வூட்டு ஆளுங்க, நல்லா பரிமாறும்" என்றார்.

இருட்டுவதற்குள் நட்டு, ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றினோம். மறுநாள் விடிகாலை மூட்டம் இடுப்பு உயரத்துக்கு நின்றது. நாங்கள் போகும்போது அவர் ஏற்கெனவே உள்ளே இருந்தார். தலை மட்டும் தெரிந்தது. வெளுத்த இலை ஒன்றைத் திருப்பி, கண்ணாடியை அத்தையிடம் கொடுத்தார்.

அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "ஐய, பஞ்சுக் காடு மாதிரி கீது ண்ணா."

"அதான் சாப்பாடு."

பிறகு வரிசை வரிசையாகக் குனிந்து நடந்தார். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் நின்று, பயிர்களைப் பார்த்து, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி கேட்டார். "யாருக்காச்சும் விட்டுப் போச்சா? யாருக்காச்சும்?" ஏழு நாள் விடிகாலையும் அதேதான். மூன்றாம் நாள் முதல் பெண்களும் பின்னாலேயே நடந்து அதையே கேட்க ஆரம்பித்தார்கள். வழியில் பார்த்த யாரும் எங்கள் ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இரண்டு வாரத்தில் வரிசைகள் விழ ஆரம்பித்தன. ஏழாம் வரிசை வெளுத்தது. பன்னிரண்டு முழுசாகப் போனது. பதினெட்டில் பாதி. அவர் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினார். இருபத்து மூன்று மட்டும் பச்சையாக நின்றது. நாங்கள் அதை வாயால் சொல்லவே இல்லை. அவருக்கும் அதில் முழுச் சந்தோஷம் இல்லை. ஒரு நாள் என்னிடம் சொன்னார், "ஒண்ணுகூட விழல தம்பி. இதுக்கு மட்டும் சாப்பாடு போய்ச் சேரலியோ?"

அப்புறம் ஒரு காலை அத்தை ஓடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "ண்ணா, இருபத்து மூணுல ரெண்டு வெளுத்துடுச்சு."

அவர் ஓடினார். மண்டி போட்டுப் பார்த்தார். இரண்டு பயிர், நடுவில் ஒன்று, கோடியில் ஒன்று. மீதி இருபத்தொன்பதும் கரும்பச்சை. எழுந்தவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வரப்பில் வட்டமாக ஒரு சுற்று ஆடினார். நெட்டைக் கால்களை மடக்கி மடக்கி அவர் ஆடினது கொக்கு ஆடுவது மாதிரி இருந்தது.

"ரெண்டு விழுந்துச்சே சார், இதுக்கா ஆடுறீங்க?"

"ரெண்டு விழுந்ததாலதான்டா தம்பி. சாப்பாடு வந்திருக்குது. இந்த வரிசைக்கும் பரிமாறியிருக்காங்க. மத்த இருபத்தொம்பதும் சாப்ட்டுட்டுத்தான் நிக்குது."

அன்று சாயங்காலமே அத்தை அந்த இரண்டு பயிரைச் சுற்றியும் முள் வேலி போட்டாள். ஆட்டுக்குப் பயந்து இல்லை. எங்கள் ஊர்க் கைகளுக்குப் பயந்து. அதிகாரி எண்ண வருவதற்குள் யாராவது பழக்கத்தில் பிடுங்கிவிடுவார்களே. முதல் ஆளாகத் தன் கையே போகும் என்று அவளே சொன்னாள்.

அதிகாரி வந்தார், எண்ணினார். முள் வேலி எதற்கு என்று கேட்டார். சார், "அது ரெண்டும்தான் சார் எங்க சாட்சி" என்றார். அதிகாரி தன் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, மலை வேலை தொடரட்டும் என்று சொல்லிப் போனார்.

இன்னொன்றும் நடந்தது. ஊரில் இருந்த வெளுத்த பயிரெல்லாம் எங்கள் ஓடையோரத்துக்கு வந்துவிட்டதால், அந்தப் பருவம் மற்றவர் கொல்லைகளில் வெளுப்பு ரொம்பக் குறைவு. கவுண்டர் கொல்லையில் நிஜமாகவே ஒன்றும் இல்லை. அவர் அதையும் தன் கெட்டிக்காரத்தனமாகவே சொல்லிக்கொண்டார்.

இருபத்து மூன்றின் தாயையும் தகப்பனையும் பண்ணையில் அடுத்தடுத்து விதைத்து, விதை பெருக்கி, எங்களுக்குச் சின்னச் சின்னப் பையாகக் கொண்டு வர இரண்டு வருஷம் ஆனது. கொடுக்கும்போது, "இதோட விதைய எடுத்து வைக்காதீங்க. ஒட்டுச் சோளத்தோட பிள்ளைங்க அத மாதிரி வராது. ஒண்ணு பாட்டன் மாதிரி, ஒண்ணு அத்தை மாதிரின்னு கலைஞ்சிடும்" என்றார். நாங்கள் கேட்போமா? அத்தை ஒரு படி எடுத்து வைத்து மறுவருஷம் விதைத்தாள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று வெளுப்பு. அவர் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. "தங்கச்சி வூட்டுல குரூப் போட்டோ எடுத்திருக்காங்க" என்றார். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த உங்கள் மூன்று பேரையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொல்லைதான் ஞாபகம் வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அது அப்புறம் நடந்தது. அந்தச் சின்னப் பை விதையின் முதல் அறுப்பு நாளைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும்.

கதிர் முழங்கை நீளம் இருந்தது. அறுத்து, அடித்து, புது மாவில் களி கிண்டி, மொச்சைக் குழம்பு வைத்து, களத்திலேயே ஊருக்குப் பந்தி போட்டோம். மந்தாரை இலை. அவரை முதல் பந்தியில் உட்காரச் சொன்னோம். மாட்டேன் என்றுவிட்டார். எல்லாருடைய இலையையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசிப் பந்தியில், கடைசி ஆளாக, முட்டிக்காரப் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அத்தைதான் பரிமாறினாள். ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு இலையாகக் களி உருண்டை வைத்துக்கொண்டு வந்தாள். அவர் இலைக்கு முன்னால் வந்ததும் நிற்காமல் தாண்டிப் போய்விட்டாள். அவர் வெற்று இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பந்தியில் சத்தம் அடங்கிவிட்டது. அத்தை ஓடைப் பக்கம் போய் நின்று, திரும்பி, இடுப்பில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, மூட்டத்துக்குள் அவர் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"யாருக்காச்சும் விட்டுப் போச்சா? யாருக்காச்சும்?"

பந்தி முழுக்கச் சிரிப்பு. அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

அத்தை வந்து, மற்றவர்களுக்கு வைத்ததைவிடப் பெரிதாக ஒரு உருண்டையை அவர் இலையில் வைத்தாள். அவர் அதை உடனே தொடவில்லை. கழுத்திலிருந்த கண்ணாடியை எடுத்துக் களியை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த சொம்புத் தண்ணீரில் இரண்டு கையையும் கழுவிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

"எப்டி கீது ண்ணா?"

"நல்லா இருக்குது தங்கச்சி," என்றார் வாய் நிறையக் களியோடு. "இப்ப சொல்லலாம். நல்லா இருக்குது."

எங்கள் வழக்கப்படி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பந்தியில் யாரும் எழுந்துகொள்ளவில்லை. அவரும் அவசரப்படவில்லை. மூன்று உருண்டை சாப்பிட்டார்.